மணிக்காரிக்கு ஒரு கைப்பிடி

அந்தக் கொட்டிலில் பால் கறப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. யார் வகுத்ததென்று யாருக்கும் தெரியாது. கறவை மேடைக்கு ஏறச் சரிவாக ஒரு பலகை போட்டிருக்கும். அதன் அடியில் செம்மறிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். எதுவாவது முதலில் கால் வைக்குமா என்றால் வைக்காது. நீ போ, நீ போ என்பதுபோல் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்கும். கூட்டம் தானாக விலகும். கழுத்தில் மணி கட்டிய கிழட்டுப் பெட்டை ஒன்று, அவசரமே இல்லாமல், பலகையில் டக் டக்கென்று ஏறிப் போய் முதல் தடுப்பில் நிற்கும். அதன் வாலைப் பிடித்தாற்போல் மற்றவை ஏறும்.

அதன் பெயர் மணிக்காரி. அதைக் கறப்பவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். ஊரில் அவளுக்கும் பெயர் அதுதான்: மூத்தவள். அவளுடைய ஓரகத்தி இளையவள். இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் சமைத்து, ஒரே கொட்டிலில் கறந்து, நாளெல்லாம் ஒருத்தி பேச ஒருத்தி கேட்டுக் காலத்தை ஓட்டியவர்கள். பேசுகிறவள் இளையவள்.

"மகாராணி வந்தாச்சு, இனி சபை கூடலாம்" என்பாள், மணிக்காரி ஏறும்போதெல்லாம். "அக்கா, உன் சம்பந்தியம்மா இன்னைக்கு உன்னையே முறைக்கிறா பாரு. தொட்டியில சோளம் கம்மி போல."

மூத்தவள் சிரிப்பாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மடியைத் துடைப்பாள், காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் பிடிப்பாள், பால் வாளியில் சீறும். முதலில் மணிக்காரி, பிறகு வரிசையில் மற்றவை. அதே துணி, அதே கை. இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்தது, ஒன்றும் ஆகவில்லை.

மூத்தவள் அந்த வீட்டுக்கு வந்தபோது கொட்டில் மாமியாரின் ஆளுகையில் இருந்தது. மாமியார் கெட்டவள் இல்லை. அதிகம் பேசாத, ஓய்ந்து உட்காரத் தெரியாத மனுஷி. மூத்தவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்து சில நாளே இருந்தது. அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை. ஒரு காலையில் மூச்சும் நின்றுபோனது. குழந்தை போனது மனசுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. பால் ஊறிக்கொண்டே இருந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, சட்டை நனைந்து, காய்ச்சல் கண்டது.

மாமியார் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து அவள் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். தட்டில் பாதிச் சாப்பாடு வைத்தாள். தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலிலிருந்து எட்டாத இடத்தில் நகர்த்தி வைத்தாள்.

"குடிச்சா ஊறும். ஊறினா வலிக்கும். கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். வாளியைத் தூக்கிக்கொண்டு கறக்கப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். வேறென்ன செய்திருக்க முடியும் என்று மூத்தவளும் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். ஆனால் அந்த அறையில் படுத்துக்கொண்டு, பசியும் தாகமும் மார்வலியும் ஒன்றாகப் பிசைய, யாராவது கதவைத் திறந்து வந்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, இந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட மாட்டார்களா என்று கிடந்தது அவளுக்கு மறக்கவில்லை. யாரும் வரவில்லை. புருஷன் வாசல்வரை வந்து நின்று திரும்பிப் போன செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பால் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை பிறக்கவும் இல்லை. மாமியார் அவளைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் வாளியைக் கொடுத்தாள்.

ஆடுகளுக்கும் வருஷத்தில் ஒருமுறை அந்தக் காலம் வரும். மறுபடி சினையான பெட்டைகளைக் கறந்துகொண்டே இருக்க முடியாது. வயிற்றில் குட்டி வளரவும் மடி ஓய்வெடுக்கவும் பாலை வற்றவைக்க வேண்டும். தவிடு, புண்ணாக்கு, சோளக் குருணை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வைக்கோலும் காய்ந்த புல்லும் மட்டும் போடுவார்கள். கறப்பதைக் குறைத்துக் குறைத்து, ஒரு நாள் அடியோடு நிறுத்துவார்கள். மடி விம்மும். ஆடுகள் கத்தும். கொஞ்ச நாளில் கத்தல் ஓய்ந்து மடி சுருங்கிவிடும். ஈனும் காலம் நெருங்கும்போது பழையபடி நல்ல தீனி கிடைக்கும். நடுவில் அந்தக் கொஞ்ச நாள்தான்.

அந்தக் கொஞ்ச நாளில் மூத்தவள் கொட்டில் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். பால் கேன்களைக் கழுவுகிறேன், வேலியைப் பார்க்கிறேன் என்று எதையாவது சொல்லிக்கொண்டு தோட்டத்துக் கோடிக்குப் போய்விடுவாள். வைக்கோல் போடுவது இளையவளின் வேலை.

"எங்கக்காவுக்கு ஆடு கத்தினா காதுல எறும்பு போன மாதிரி" என்று இளையவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் அந்த வீட்டுக்கு வந்ததே பிந்தித்தான். அந்த அறை, அந்தக் கட்டு, எதுவும் அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

மணிக்காரிக்கு ஒரு வருஷம் குட்டி செத்துப் பிறந்திருந்தது. இருந்தும் பாலுக்குக் குறைவில்லை. மேடையில் முதல் ஆளாக ஏறி, குடம் குடமாகக் கொடுத்தது. மறுபடி சினையும் பிடித்தது. வற்றவைக்கும் காலம் வந்தது. எல்லா ஆடுகளும் கத்தின. மணிக்காரி மட்டும் கத்தவில்லை. தோட்டத்துக் கோடியில் கேன் கழுவிக்கொண்டிருந்த மூத்தவள் நிமிர்ந்தபோது, பட்டியின் கம்பிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அது அவளையே பார்த்தபடி நின்றது.

கத்தியிருந்தால் ஒருவேளை அவள் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் மூத்தவள் சோளக் குருணை மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கைப்பிடி அள்ளி, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு கைப்பிடிதானே, ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடப்போகிறது? மறுநாள் இரண்டு கைப்பிடி. அதற்கடுத்து, பை கொள்ளுமளவு. தீனி இறங்க இறங்கப் பால் ஊறியது. மடி தோல் பளபளக்க விம்மியது. அது பின்னங்காலை அகட்டி அகட்டி நடந்தது. மூத்தவளுக்கு மனசு கேட்கவில்லை. பட்டியின் மூலையில் குந்தி, காம்பைப் பிடித்துக் கொஞ்சம் வைக்கோல் மேலேயே பீய்ச்சிவிட்டாள். பாரம் இறங்கியதும் ஆடு பெருமூச்சு விட்டதுபோல் அவளுக்குப் பட்டது. அவளுக்கும் நெஞ்சில் ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. கையை மேலங்கியிலேயே துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

இளையவள் ஒருநாள் வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏன்க்கா, இந்த மகாராணி மட்டும் வெறும் வைக்கோலைத் தின்னுட்டு எப்படிக்கா இப்படி மினுமினுன்னு இருக்கா? நான் ஒரு வேளை கஞ்சியோட நிறுத்தினாலும் இடுப்பு இறங்க மாட்டேங்குது. அவகிட்ட என்ன வித்தைன்னு கேட்டுச் சொல்லேன்."

"வயசான உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றாள் மூத்தவள். பொய் சொல்லிப் பழகாததால் அந்த ஒரு வாக்கியத்துக்கே காது மடல் சுட்டது.

ஈனும் காலம் வந்தது. மணிக்காரி ஒரு குட்டி போட்டது. நல்ல துள்ளலான குட்டி. ஆனால் அது தாயின் ஒரு பக்கக் காம்பில் மட்டுமே குடித்தது. மறுபக்கம் வாய் வைத்துவிட்டு உதறிக்கொண்டு வந்துவிடும். குட்டிகளைப் பிரித்துக் கறவை தொடங்கிய நாளில் மூத்தவள் அந்த மறுபக்கத்தைப் பிடித்தபோது, உள்ளே, ஆழத்தில், புளியங்கொட்டை மாதிரி ஒன்று உருண்டது. பால் வெள்ளையாகத்தான் வந்தது. சூடில்லை, வீக்கமில்லை. கிழவிக்கு வயசாகிறது, அதுதான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் நம்பினாளா? நம்புவதற்குத் தோதாக இருந்தது, அதனால் நம்பினாள். துணியை வெந்நீரில் அலசி அடுத்த ஆட்டின் மடியைத் துடைத்தாள்.

முதலில் முகம் சுளித்தது, பாலை வாங்கிச் சீஸ் செய்கிற மனுஷர். "என்ன தாயி, உங்க பால் இப்படிப் பண்ணுது? உறையுது, ஆனா கட்டி நிக்க மாட்டேங்குது. கத்தி போட்டா பொடியாகித் தண்ணி விடுது. என்ன தீனி போடறீங்க?"

"தீனியெல்லாம் எப்பவும் போடறதுதான். உங்க கத்தியைச் சாணை பிடிங்க" என்றாள் இளையவள்.

ஆனால் அடுத்தடுத்து ஆடுகளுக்கு மடி கட்டி நோய் காணத் தொடங்கியது. ஒன்றின் பாலில் திரித்திரியாக வந்தது. ஒன்று கை வைத்தாலே உதைத்தது. கடைசியில், முதல்முறை ஈன்ற ஒரு இளம்பெட்டை காலையில் எழுந்திருக்கவே இல்லை. அதன் மடியில் ஒரு பக்கம் கருநீலமாகி, தொட்டால் ஈரக் கல்போல் ஜில்லென்று இருந்தது. சாயங்காலத்துக்குள் செத்துப்போனது. பிரித்துவைத்திருந்த அதன் இரண்டு குட்டிகளும் பட்டிக்குள் புகுந்து பிணத்தின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கமுடியாமல் இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் பேச்சு நின்றதைக் கொட்டில் அன்றைக்குத்தான் பார்த்தது.

கால்நடை டாக்டர் வந்தாள். சின்னப் பெண். கையில் நான்கு குழி வைத்த ஒரு வெள்ளைத் தட்டு. ஒவ்வொரு ஆட்டின் பாலையும் குழியில் கொஞ்சம் பீய்ச்சி, ஒரு ஊதாக் கரைசலை விட்டுச் சுழற்றினாள். சில பால் தண்ணீராகவே ஓடியது. சிலது கூழானது; அதுதான் நோயின் அடையாளம். நோய்கண்ட ஆடுகளை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முதல்ல யாரைக் கறப்பீங்க?"

"மணிக்காரியை. அவ ஏறினாத்தான் மத்தது ஏறும்" என்றாள் இளையவள். "ஆனா அவளுக்கு ஒண்ணுமில்லைங்க டாக்டரம்மா. நல்லா தின்னறா, நல்லா கறக்கறா."

டாக்டர் மணிக்காரியின் பாலை விட்டுச் சுழற்றினாள். சுழலவில்லை. ஒரு பக்கத்துப் பால் முட்டையின் வெள்ளைக்கருபோல் குழியில் திரண்டு, தட்டைச் சாய்த்தபோது ஒரே உருண்டையாக வழிந்தது.

மணிக்காரி தொட்டியில் சோளத்தை மென்றுகொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"இது புதுசா வந்ததில்லை. போன வருஷம் வற்றவைக்கறப்போவே உள்ள போயிருக்கு" என்றாள் டாக்டர். "அப்ப தீனியை ஒழுங்கா நிறுத்தினீங்களா?"

இளையவளின் புருஷன் சட்டென்று பொண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீதானே வைக்கோல் போட்டே? வாய் பேசற நேரத்துல வேலையில கண்ணு இருந்தா இந்தக் கதி வருமா?"

"நானா? நான் ஒரு பொட்டுத் தவிடு போட்டிருந்தா என் கை..."

"நான்தான் போட்டேன்" என்றாள் மூத்தவள்.

தலையைக் குனிந்துகொள்ளவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அதன் தையல் இடுக்கில் இன்னும் இரண்டு மூன்று குருணை இருந்தது. "சோளம் போட்டேன். மடி வலிக்குதேன்னு கொஞ்சம் கறந்தும் விட்டேன்."

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். "மடி நிறைஞ்சு, அந்த அழுத்தத்துலயேதான் பால் ஊறறது நிக்கணும்மா. அதுக்கப்புறம் காம்போட வாய் தானா அடைச்சுக்கும். நடுவுல தீனியும் போட்டு, பீய்ச்சியும் விட்டா வாய் திறந்தே கிடக்கும். கீழே வைக்கோல்ல பால் சிந்தினா கிருமிக்கு விருந்துதான். அங்கேருந்து துணியில, கையில ஏறி வரிசையா எல்லாத்துக்கும் போயிருக்கு."

"அப்ப மருந்து போட்டா?"

"மத்ததுக்குப் போடலாம். இதுக்கு உள்ள கல்லாயிடுச்சு. இருக்கிறவரைக்கும் மத்ததுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கும். மந்தையில வச்சுக்க முடியாதும்மா."

இளையவள் அன்று முழுக்க மூத்தவளிடம் பேசவில்லை. அடுப்படியில் பாத்திரங்களைப் பேசவிட்டாள். சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்: "செத்துப்போன அந்த இளம்பெட்டை என்னக்கா பாவம் பண்ணுச்சு? உன் மகாராணிக்குப் பசிச்சா மத்ததுக்கெல்லாம் பசிக்கலையா?"

மணிக்காரியைக் கொண்டுபோக வண்டி மறுநாள் காலையில் வந்தது. பின்கதவைத் திறந்து சரிவுப் பலகை ஒன்றை இறக்கினார்கள். வண்டிக்காரர் கயிற்றோடு பட்டிக்குள் வந்தார். "முரண்டு பிடிக்குமா?" என்று கேட்டார்.

பிடிக்கவில்லை. மணிக்காரி பலகையைப் பார்த்தது. பலகை என்றால் அதற்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். ஏறவேண்டும், ஏறினால் சோளம் கிடைக்கும். கூட்டம் விலக, மணி குலுங்க, யாரும் இழுக்காமலே டக் டக்கென்று அது வண்டிக்குள் ஏறி, முன்னால் போய் நின்று, தொட்டியைத் தேடியது. அதன் பின்னால் இரண்டு மூன்று ஆடுகளும் பலகையில் கால் வைத்துவிட்டன. இளையவள் பாய்ந்து அவற்றைக் கழுத்தைக் கட்டி இழுத்தாள்.

மூத்தவள் வண்டிக்குள் ஏறினாள். மணியின் வாரை அவிழ்த்தாள். கழுத்தில் அந்த இடத்தில் மயிர் தேய்ந்து வெள்ளையாக வளையம் இருந்தது. ஆடு அவள் மேலங்கிப் பையை முகர்ந்தது. பை காலி. கடைசியாக ஒரு கைப்பிடி கொண்டுவந்திருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் அந்த எண்ணமே பயமாக இருந்தது. இறங்கினாள். கதவு சாத்தினார்கள். வண்டி திருப்பம் திரும்பும்வரை உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

சாயங்காலக் கறவைக்கு ஆடுகள் மேடையருகே வந்து நின்றன. ஏறவில்லை. மடி கனத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தன. மூத்தவளின் புருஷன் ஒன்றைத் தூக்கி மேடையில் வைத்தார். அது குதித்து இறங்கியது. இளையவள் தொட்டியைத் தட்டினாள், கூப்பிட்டாள், திட்டினாள். பிறகு ஓய்ந்துபோய், முதல்முறையாக மூத்தவளைப் பார்த்தாள்.

மூத்தவள் கூட்டத்தின் பின்பக்கம் போனாள். மணியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டினுடைய நடையின் வேகத்துக்கு, மெதுவாக, கூட்டத்தின் நடுவே நடந்து பலகையில் ஏறினாள். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நோய்கண்ட ஆடுகளை ஒரே ஆள், கடைசியில், தனித் துணியோடு கறக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அந்தக் கடைசித் தடுப்பை மூத்தவள் எடுத்துக்கொண்டாள். முதல் தடுப்பில் இனி இளையவள் உட்காரவேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு போகும்போது இளையவள் நின்றாள்.

"ஏன்க்கா அப்படிப் பண்ணே? அதை மட்டும் சொல்லு. நீ வெகுளியில்லை."

மூத்தவள் காம்பைப் பிடித்தபடியே, ஆட்டின் விலாவைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் அப்படித்தான் வற்றவச்சாங்க. துணியைக் கட்டி. பாதிச் சோறு போட்டு."

இளையவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், மூத்தவளின் கழுத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கை எடுத்துப்போட்டாள்.

அந்த வருஷமும் வற்றவைக்கும் காலம் வந்தது. "வைக்கோலை நான் போடறேன்" என்றாள் மூத்தவள்.

"வேணாம்க்கா. நீ கேன் கழுவப் போ."

"நான் போடறேன்."

போட்டாள். ஆடுகள் வைக்கோலை முகர்ந்துவிட்டு அவளைப் பார்த்துக் கத்தின. அவள் போய்விடவில்லை. பால் கறக்கிற முக்காலியைக் கொண்டுவந்து பட்டிக்குள் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். கத்தல் காதில் அறைந்தது. மடிகள் விம்மின. கை தானாகக் காம்புப் பக்கம் போகப் பார்த்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆட்டுக்கு இது சரி. டாக்டர் சொல்லிவிட்டாள். மாமியாரும் ஆட்டைத்தான் நன்றாக அறிந்தவள். மனுஷிக்கும் இது சரிதானா? அதை இனி யாரிடம் போய்க் கேட்பது? மாமியார் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. இதுவரை அவளைக் கோபித்துக்கொள்வதற்காவது ஒரு காரணம் கையில் இருந்தது. இப்போது அதுவும் உறுதியாக இல்லை. அன்றைக்கு யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்து, ஒன்றும் செய்யாமல், கட்டிலோரம் சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் போதுமாயிருந்திருக்கும். அவ்வளவுதானே வேண்டியிருந்தது?

மதியம் இளையவள் ஒரு தட்டோடு வந்தாள். கவிழ்ந்துவிடும்போல் சாப்பாட்டைக் குவித்திருந்தாள். இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு, விளிம்பு வரை தளும்பியது. இரண்டையும் நீட்டினாள்.

"இதுங்க முன்னாடியா சாப்பிடறது?" என்றாள் மூத்தவள்.

இளையவள் ஆடுகளைப் பார்த்தாள். தட்டைத் தீவனத் தொட்டியின் மேல், ஆடுகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். சொம்பை மட்டும் மூத்தவளின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, வைக்கோலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.